சிறுமலையின் கடைசி எழுத்து: பழைய மென்பொருளைப் புதிய கணினியில் ஓட்டுவது பற்றி

நிலக்கோட்டையில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஜாதகம் கணிப்பது அவருக்குத் தொழில் இல்லை. யாரிடமும் காசு வாங்கியதும் இல்லை. 1994-ல் மதுரையில் ஒருவரிடம் மூன்றரை அங்குல ஃபிளாப்பியில் வாங்கிய டாஸ் நிரல் ஒன்றில்தான் முப்பது வருடமாகக் கணித்து வந்தார். போன ஐப்பசி இடியில் அவருடைய பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பித்தது. அவர் மகன் விண்டோஸ் 11 போட்ட மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தான். பழைய கோப்புகளை அதில் போட்டு நிரலைச் சொடுக்கினால், இது உங்கள் கணினியில் இயங்காது என்று ஒரு நீலப் பெட்டி வந்து நின்றது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “புதுசுல எல்லாம் இருக்குடா. என்னோடது மட்டும் இல்ல.”

திண்டுக்கல் மேற்கு ரத வீதிப் பக்கம் கணினி பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “அண்ணே, இது டாஸ் காலத்து ஐட்டம். இனிமே ஓடாது. ஜாதகம் போன்லயே ஃப்ரீயா வருது, அதப் பாத்துக்கச் சொல்லுங்க” என்றார். ஜாதகக் கணக்கைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. திண்டுக்கல் கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகை 59 கலையில் இருக்கிறது. இந்திய நேரம் 82 பாகை 30 கலையை வைத்து ஓடுகிறது. இரண்டுக்கும் ஏறத்தாழ 18 நிமிட வித்தியாசம். இதை இன்றைக்கு எந்தச் செயலியும் ஒரு நொடியில் கழித்துவிடும். ஆனால் பெரியப்பாவின் கோப்பில் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் ஒரு குறிப்பு வரி உண்டு. 1944-ல் பிறந்த ஒருவருக்கு, “யுத்த நேரம், ஒரு மணி கழிக்க” என்று எழுதியிருப்பார். 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தன. இன்னொருவருக்கு, “மில் சங்கு ஊதுவதற்கு முன், தாயார் சொன்னது” என்றிருக்கும். சொன்ன தாயார் இன்று இல்லை. அந்த வரி அந்தக் கோப்பைத் தவிர வேறெங்கும் இல்லை.

பழைய மென்பொருளைப் புதிய கணினியில் ஓட்டுவது என்ற கேள்வியைப் பெரும்பாலும் விளையாட்டுப் பிரியர்களின் ஏக்கமாகவே பேசுகிறோம். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. நிரலை ஓடவைப்பது பாதி வேலைதான். அதற்குள் மனிதர்கள் எழுதி வைத்ததை வெளியே எடுப்பது மீதிப் பாதி. தமிழில் எழுதியவர்களுக்கு இந்த இரண்டாம் பாதிதான் கடினம். ஏனென்றால் நம் எழுத்தே ஒரு காலத்தில் மென்பொருளுக்குள் பூட்டிக் கிடந்தது.

முதல் பாதியை முதலில் பார்த்துவிடலாம். இன்டெல் 8086 சில்லு வந்தது 1978-ல். டாஸ் நிரல்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்த 16-பிட் நிரல்கள். 1985-ல் வந்த 386 சில்லு, தனக்குள்ளேயே ஒரு பொய்யான 8086-ஐ நடித்துக் காட்டும் வசதியோடு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 ஆகியவற்றின் 32-பிட் பதிப்புகளில் டாஸ் நிரல்கள் ஓடியது அந்த வசதியால்தான். சில்லு 64-பிட் நிலையில் ஓடும்போது அது கிடைக்காது. அதனால் 64-பிட் விண்டோஸிலிருந்து டாஸ் நிரலுக்கான அடுக்கையே மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. விண்டோஸ் 10 வரை 32-பிட் பதிப்பு ஒன்று இருந்தது. விண்டோஸ் 11-க்கு அதுவும் கிடையாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால் வீட்டுக்கு வீடு கணினி மாறுகிறது. இந்தச் சிக்கல் இப்போது திடீரென்று நிறையப் பேரைத் தொடுவதற்கு அதுவே காரணம்.

டாஸ் நிரலுக்கு மருந்து எளிது. அதன் பெயர் டாஸ்பாக்ஸ். 2002-ல் விளையாட்டுகளுக்காக வெளிவந்த இலவச மென்பொருள். பழைய கணினி ஒன்றை முழுவதும் நிரலாகவே எழுதி, அதற்குள் டாஸை ஓட்டுகிறது. தமிழ்நாட்டில் இதைத் தெரியாமலே பயன்படுத்திய மாணவர்கள் ஏராளம். நீலத் திரையும் மஞ்சள் எழுத்துமாக இருக்கும் டர்போ சி-யைப் பொறியியல், கலைக் கல்லூரி ஆய்வகங்களில் வெகுகாலம் விடாமல் வைத்திருந்தார்கள். புதிய விண்டோஸுக்கான டர்போ சி என்று பையன்கள் பென் டிரைவில் கைமாற்றிக்கொண்டதெல்லாம் உள்ளே டாஸ்பாக்ஸைச் சுருட்டி வைத்த பொட்டலம்தான். அந்தப் பழைய சி-யைக் கற்றுத் தருவது சரியா என்பது வேறு வழக்கு. சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள எந்தக் கல்லூரி மாணவரைக் கேட்டாலும் பழைய நிரலைப் புதிய கணினியில் ஓட்டும் வித்தையை அவர் ஏற்கெனவே செய்திருக்கக்கூடும்.

டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்து வைக்கலாம் என்பது சின்ன வசதியாகத் தெரியும். பல நிரல்களுக்கு உயிரே அதுதான். டர்போ பாஸ்கலில் எழுதிய பல நிரல்கள் தொடங்கும்போது கணினியின் வேகத்தை ஒரு வகுத்தல் கணக்கால் அளந்துகொள்ளும். கணினி வேகமாக வேகமாக, விடை அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமல், ‘ரன்டைம் எர்ரர் 200’ என்று சொல்லி நிரல் விழுந்துவிடும். நிரலில் பழுது ஒன்றுமில்லை. கணினி இத்தனை வேகமாக வரும் என்று எழுதியவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான். தனி ஆட்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிய எத்தனையோ நிரல்கள் இப்படித்தான் செத்துவிட்டதாகத் தூக்கி எறியப்பட்டன.

அச்சு இன்னொரு தொல்லை. டாஸ் நிரல் நேராகப் பின்பக்கத்து இணைத் துறைக்கு, அதாவது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அகலமான வயருக்கு, எழுத்தை அனுப்பும். இன்றைய மடிக்கணினியில் அந்தத் துளையே இல்லை. டாஸ்பாக்ஸின் கிளையான டாஸ்பாக்ஸ்-எக்ஸில் ஒரு பொய்ப் பிரிண்டர் உண்டு. நிரல் அனுப்புவதை அது பிடித்துத் தாளாகவோ கோப்பாகவோ தந்துவிடும். பெரியப்பா நிரலின் அச்சை மீட்டது இந்த வழியில்தான்.

விண்டோஸ் 95, 98 காலத்து நிரல்களின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலானவை 32-பிட். நிரல் இன்றும் ஓடும்; அதை நிறுவும் ‘செட்டப்’ மட்டும் 16-பிட்டாக இருந்து காலை வாரும். பழைய கணினியிலிருந்து நிறுவிய கோப்புறையை அப்படியே நகலெடுத்து வந்தால் பல சமயம் ஓடிவிடும். விண்டோஸ் 3.1-க்கு எழுதிய 16-பிட் நிரல்களுக்கு ஓடிவிடிஎம் என்ற இலவசக் கருவி இருக்கிறது. 1998-ல் வந்த விஷுவல் பேசிக் 6 நம் ஊர்ப் பொழுதுபோக்கு நிரலர்களின் செல்லப்பிள்ளை. அதன் அடிப்படைக் கோப்புகள் விண்டோஸ் 11-லும் இருக்கின்றன. துணைக் கோப்பு ஒன்றிரண்டைத் தேடிப் பதிவு செய்தால் போதும். ஒரு எச்சரிக்கை: பழைய நிரல்களை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே வைக்காதீர்கள். அவை தங்கள் கோப்புகளைத் தங்கள் வீட்டிலேயே எழுதும் பழக்கமுள்ளவை. விஸ்டா தொடங்கி வந்த விண்டோஸ் அதைத் தடுத்து, எழுதியதைச் சத்தமில்லாமல் ‘வெர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற மறைவிடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். காணாமல் போய்விட்டதாக ஒருவர் அழுத ஒரு வருடத்து வேலையை அங்கிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சி டிரைவில் தனிக் கோப்புறை போட்டு அதில் வைப்பதே நல்லது.

குறுந்தகடுகள் பரிதாபம். 2000-ஐ ஒட்டிக் குழந்தைகளுக்காக வந்த தமிழ் அரிச்சுவடி, திருக்குறள் குறுந்தகடுகளில் சில ஃபிளாஷில் செய்தவை. அடோபி நிறுவனம் 2020 இறுதியோடு ஃபிளாஷை மூடியது. ரஃபிள் என்ற திறமூலக் கருவி அவற்றில் பலவற்றை மறுபடி ஆடவைக்கிறது. நகல் தடுப்புக்காக ‘சேஃப்டிஸ்க்’ பூட்டுப் போட்டு வந்த விளையாட்டுகளின் பூட்டைத் திறக்கும் இயக்கியையே, பாதுகாப்புக் குறை என்று சொல்லி, மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-லிருந்து நீக்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கியவரும் வெளியே நிற்கிறார்.

இவை எதுவும் சரிப்படாத இடத்தில் இரண்டு வழி மிஞ்சும். ஒன்று, வெர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் விண்டோஸ் எக்ஸ்பி-யை ஒரு கணினிக்குள் கணினியாக நிறுவி, இணையத்தோடு இணைக்காமல் ஓட்டுவது. எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது. அதை இணையத்தில் விடுவது திறந்த வீட்டில் தூங்குவதற்குச் சமம். இரண்டாவது வழி, பழைய கணினி ஒன்றையே வைத்துக்கொள்வது. இதை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மடிக்கணினிகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கின்றன. என் அக்காள் மகளுக்கு வந்ததில் 32-பிட் விண்டோஸ் 7 இருந்தது. பேட்டரி செத்திருந்தது, சார்ஜரைச் செருகியே வைத்தால் நன்றாக ஓடியது. பெரியப்பாவின் நிரலை முதன்முதலில் மறுபடி கண்ணால் பார்த்தது அந்தத் திரையில்தான்.

இங்கேதான் இரண்டாம் பாதி தொடங்குகிறது.

யூனிகோடு என்கிற ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991-ல் வந்தது. அதில் தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கினார்கள். விண்டோஸில் அது பயன்பாட்டுக்கு வந்தது விண்டோஸ் 2000-த்தில், லதா எழுத்துருவோடு. அதுவரை, அதற்குப் பிறகும் பல வருடம், தமிழைக் கணினியில் சுமந்தது பெரிய நிறுவனங்கள் அல்ல. ஓய்வு நேரத்தில் வேலை செய்த தனி மனிதர்கள். கனடாவில் வாழ்ந்த ஸ்ரீநிவாசன் 1980-களில் டாஸுக்கு ‘ஆதமி’யை எழுதினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-ல் ‘முரசு’ தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1990-களில் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகத் தந்தார். பாமினி ஈழத்தமிழர் கைகளில் வளர்ந்து தமிழ்நாட்டு டிடிபி கடைகள் வரை வந்தது. தமிழில் எழுத ஆசைப்பட்ட ஒரே காரணத்துக்காக இவர்கள் செய்த வேலைக்கு நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை என்பது என் ஆதங்கம்.

ஆனால் ஒவ்வொருவரும் தமிழ் எழுத்தைத் தமக்குத் தோன்றிய இடத்தில் வைத்தார்கள். ஒரு எழுத்துருவில் 256 இடம்தான் உண்டு. ஆங்கிலம் நின்ற இடத்திலேயே தமிழை வைத்தது பாமினி. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையென்றால் குப்பை. டிஸ்கி போன்ற வேறு சில முறைகள் ஆங்கிலத்தைக் கீழே விட்டுவிட்டு மேல் 128 இடத்தில் தமிழை வைத்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக்கியது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியையும் டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் ஏற்றது. ஆக, திண்டுக்கல்லில் 1995-க்கும் 2010-க்கும் நடுவில் அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், சிற்றிதழ் எந்தக் குறியேற்றத்தில் இருக்கும் என்பது, அது எந்தத் தெருவிலுள்ள டிடிபி கடையில் அடிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

விநோதம் என்னவென்றால், பாமினி போன்ற பழைய ட்ரூடைப் எழுத்துருக்கள் விண்டோஸ் 11-லும் ஒழுங்காகவே நிறுவப்படுகின்றன. கெடுவது வேறு இடத்தில். புதிய வேர்டு, வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சிறிய எம் ‘அ’. பெரிய எம் ‘ஆ’. ‘அவர்கள் வந்தார்கள்’ என்று அடித்து இடைவெளி விட்ட மாத்திரத்தில் ‘ஆவர்கள் வந்தார்கள்’ ஆகிவிடும். கைப்பழக்கத்தில் திரையைப் பார்க்காமல் அடிக்கும் மூத்தவர்கள் இதில் தங்கள் கையையே சந்தேகப்படுகிறார்கள். தானியங்கித் திருத்தத்தையும், மேற்கோள் குறியை வளைக்கும் வசதியையும் அணைத்துவிட்டால் சரியாகிவிடும். இது தெரியாமல் பழைய கணினியையே கட்டிக்கொண்டு இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

பேஜ்மேக்கர் கோப்புகள் இதைவிடக் கெட்டி. நம் அச்சுக்கூடங்களின் உயிர்நாடியாக இருந்த அந்த மென்பொருளின் கடைசிப் பெரும் பதிப்பு 7.0, 2001-ல் வந்தது. அடோபி நிறுவனம் இன்டிசைனுக்குப் போய்விட்டது. இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளைத் திறக்கும். அதற்குப் பிந்தையவை திறக்காது. லிப்ரே ஆபிஸ் 2015-லிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. பக்க அமைப்பு கலைந்தாலும் எழுத்து கிடைத்துவிடும். எழுத்து கிடைத்தால் போதும் என்பவன் நான். பக்கத்தை மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

கிடைத்த எழுத்தை ஒருங்குறிக்கு மாற்ற நல்ல கருவிகள் இருக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி பல வருடமாக ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கைகொடுத்தது. நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வர்ட்டர் நீளமான கோப்புகளையும் மாற்றித் தந்தது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பழைய குறியேற்றங்களுக்கான மாற்றிகள் திறந்த மூலமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றி சொன்னதை அப்படியே நம்பக் கூடாது. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுவோம்: முதலில் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு கால். ஒருங்குறியில் எழுத்து முதலில், உயிர்க்குறி பிறகு. மாற்றி ஒவ்வொரு கொம்பையும் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். பாமினியில் ‘ர்’ என்பதை நிறையப் பேர் காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்தே அடித்தார்கள். கால் எப்போது ஆகாரம், எப்போது ரகர மெய் என்று மாற்றிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லா மாற்றிகளும் சறுக்கும் ஒரு இடம் உண்டு. ஔகாரத்தின் இரண்டாம் பாதியும் ‘ள’ என்ற எழுத்தும் பழைய எழுத்துருக்களில் ஒரே குறி. கொம்பு, ச, ள என்று மூன்று குறி வந்தால் அது ‘சௌ’வா ‘செள’வா? மனிதருக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம். அவரைப் பற்றிய பழைய மலர்க் கட்டுரை ஒன்றை மாற்றியபோது பக்கம் முழுக்க ‘செளந்தரம்’ என்றே வந்து நின்றது. அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும் என்பதால் எவரும் கவனிப்பதில்லை. ஆனால் கணினியில் ‘சௌந்தரம்’ என்று தேடினால் அந்தக் கட்டுரை அகப்படாது. இந்த மண்ணில் ஊன்றி நின்ற ஒரு பெண்மணியின் பெயர், ஒரு குறி மாறியதால் தேடலில் காணாமல் போகிறது. இதை எழுத்துப்பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மாற்றியபின் கௌ, சௌ, மௌ, வௌ இவை ‘கெள’, ‘செள’ என்று உடைந்து நிற்கின்றனவா என்று மட்டுமாவது தனியாகத் தேடிப் பார்த்துத் திருத்துங்கள். அதே சமயம் ‘தெளிவு’, ‘வெளி’ என்பவற்றில் ‘ளி’ உண்மையிலேயே ளகரம்தான். கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றினால் அவை கெடும்.

பழைய குறியேற்றம் வழக்கொழியும் முன்பே மாற்றிக்கொண்டவர்களுக்கு எதுவும் தொலையவில்லை. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைச் சொல்ல வேண்டும். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை வீட்டிலிருந்து தட்டச்சு செய்தார்கள். முதல் நூல்கள் மயிலை, இணைமதி எழுத்துருக்களில் இருந்தன. பிறகு டிஸ்கிக்கு மாறின, பிறகு ஒருங்குறிக்கு. இரண்டு முறை வீடு மாறியும் ஒரு பாத்திரம் தொலையவில்லை. மென்பொருள் உயிரோடு இருக்கும்போதே, அதை நன்கு அறிந்தவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே, அடுத்த வீட்டுக்குப் பொருளை ஏற்றினார்கள். அதே 1998-ல் தட்டச்சான எத்தனையோ ஊர் மலர்கள் இன்று பேஜ்மேக்கர் கோப்பாகப் பூஞ்சை பிடித்த குறுந்தகட்டில் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் பணம் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கும் பழக்கம்தான்.

விரல்களுக்கும் ஒரு வார்த்தை. மென்பொருள் போனால் விசைப்பலகையும் போகும் என்ற பயம் மூத்தவர்களுக்கு நிறைய உண்டு. அந்தப் பயம் வேண்டாம். தட்டச்சுப் பொறி முறையில், பாமினி முறையில், தமிழ்99-ல், ஆங்கில ஒலிப்பு முறையில் எப்படி அடித்தாலும் ஒருங்குறி எழுத்து வரும்படி கருவிகள் வந்துவிட்டன. விசுவநாதன் 2000-ல் வெளியிட்ட ‘அழகி’, முகுந்த் முன்னெடுத்த ‘இ-கலப்பை’, என்எச்எம் ரைட்டர் எல்லாம் அந்த வேலையைச் செய்தவை. இ-கலப்பைக்கு முதலில் அடியில் தாங்கி நின்ற கீமேன், 2015-ல் எஸ்ஐஎல் அமைப்பின் கைக்குப் போய், பின்னர் இலவசமாகி, மூல நிரலும் திறக்கப்பட்டது. பழைய கைப்பழக்கத்தோடு புதிய எழுத்து. நாற்பது வருடத் தட்டச்சரை மறுபடி அ, ஆ படிக்கச் சொல்வதில் எந்த நியாயமும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு பெரியப்பாவின் கோப்பு வழிக்கு வரவில்லை. நிரலை விற்ற அந்த மதுரைக்காரர் அதற்குத் தாமே ஒரு தமிழ் எழுத்துரு செய்திருந்தார். அது டிஸ்கியும் இல்லை, டாமும் இல்லை, மயிலையும் இல்லை. எந்த மாற்றிக்கும் அது தெரியவில்லை. அவரைத் தேடிப் பார்த்தோம். கடை இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. உங்கள் நிரலை விட்டுப்போகும்போது எழுத்து அட்டவணையை மட்டுமாவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று ஒவ்வொரு நிரலர் கையையும் பிடித்துக் கேட்கத் தோன்றியது.

வேறு வழியில்லாமல் அட்டவணையை நாங்களே செய்தோம். பரணில் கிடந்த அந்த மடிக்கணினியில் நிரலை ஓட்டி, பெயர் எழுதும் இடத்தில் 128-லிருந்து 255 வரை ஒவ்வொரு குறியாக ஆல்ட் விசையை அழுத்தி எண்ணை அடித்தேன். திரையில் எது வருகிறதோ அதைப் பெரியப்பா உரக்கப் படிப்பார். நான் நோட்டில் எழுதுவேன். “நூத்தி முப்பத்தொண்ணு, ஙகரம். நூத்தி முப்பத்திரெண்டு, சகரம்.” வகுப்பில் பாடம் நடத்தும் குரல். மூன்று சாயங்காலம் ஆயிற்று. அட்டவணையை வைத்து ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதிக் கோப்பு முழுவதையும் மாற்றினேன். பெயர்கள் வந்தன, நட்சத்திரங்கள் வந்தன, மில் சங்கும் வந்தது.

அச்செடுத்த முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். “அண்ணாமன்னு ஒருத்தன நான் எப்பவும் பாத்ததில்லையே?” அதற்குக் கீழே பிறந்த ஊர், ‘சிறும’. இன்னொரு வரியில் திருமலை ‘திரும’ ஆகியிருந்தது. அட்டவணையைப் புரட்டினால் 173-க்கு நேரே நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. நிரலில் அந்த எண்ணை அடிக்கும்போது ஏதோ பேச்சில் தாண்டிப் போயிருக்கிறோம். மாற்றிய பிறகு அந்தக் குறி கோப்பில் அப்படியே தங்கிவிட்டது. புதிய விண்டோஸில் 173 என்பது கண்ணுக்குத் தெரியாத இணைக்கோடு. சொல்லை வரிக் கடைசியில் உடைக்க வேண்டி வந்தால் மட்டும் காட்டுவது. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் பலரும் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள். பரணிலிருந்த மடிக்கணினியை மறுபடி எடுத்து, சார்ஜரைச் செருகி, 173 அடித்தேன். துதிக்கை தூக்கிய பழைய ‘லை’, எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில், ஒற்றை எழுத்தாக வந்து நின்றது.

பெரியப்பா நோட்டை வாங்கித் தம் கையாலேயே 173-க்கு நேரே அதை எழுதினார். பழைய மாதிரியே, துதிக்கையோடு. நான் நிரலில் ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினேன். ‘அண்ணாமலை, சிறுமலை’ என்று வந்தது. “இவன் கல்யாணத்துக்குச் சிறுமலை வாழப்பழம் ஒரு தாரு அனுப்பினான்” என்றவர், அடுத்த பெயருக்குப் போனார்.